பதினாறு வயது கோல்கீப்பரும் டி ஹெயாவின் தொடக்க ஆண்டுகளும்

கேள்வி: என் மகனுக்குப் பதினாறரை வயது. 186 செ.மீ. உயரம், 66 கிலோ எடை. ஒரு பெரிய கிளப்பின் 18 வயதுக்கு உட்பட்டோர் அணியில் இரண்டாவது கோல்கீப்பராக இருக்கிறான். போன சீசனில் கிடைத்தது ஏழு ஆட்டம். ஷாட் தடுப்பதில் கெட்டிக்காரன், ஆனால் ஓரத்திலிருந்து கோல் முன்னே தூக்கி அடிக்கும் கிராஸ் வந்தால் தடுமாறுகிறான். உடம்பைத் தேற்றச் சொல்கிறார் பயிற்சியாளர். இவனோ, "ஸ்பெயின் கோல்கீப்பர் டேவிட் டி ஹெயாவும் ஒல்லிதான், 18 வயதிலேயே சாம்பியன்ஸ் லீக் ஆடிவிட்டார், எனக்குத்தான் நேரம் போய்விட்டது" என்கிறான். அவரைப் போலக் காலால் பந்தைத் தடுத்துத் திட்டும் வாங்குகிறான். சிறிய கிளப் ஒன்று அழைக்கிறது, போனால் எல்லா ஆட்டமும் ஆடலாம். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான். 2009 செப்டம்பர் 30 அன்று, போர்ட்டோவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் டி ஹெயா அட்லெடிகோ மாட்ரிட்டின் முதல் அணிக்காக இறங்கினார். 19 வயது முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஆனால் எப்படி இறங்கினார் என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். முதல் தேர்வான செர்ஹியோ அசென்ஹோ 20 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பைக்காக எகிப்தில் இருந்தார். இரண்டாமவரான ரொபெர்ட்டோ ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆவதற்குள் காயம்பட்டு வெளியேறினார். மூன்றாவது கீப்பரைத் தவிர ஆள் இல்லை. அன்று அட்லெடிகோ 0-2 எனத் தோற்றது.

மூன்று நாள் கழித்து, சரகோசாவுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் அவரே ஒரு பெனால்டி கொடுத்தார், அவரே அதைத் தடுத்தார். அட்லெடிகோ 2-1 என வென்றது. அப்போதைய பயிற்சியாளர் அபெல் ரெசினோவே முன்னாள் கோல்கீப்பர். 1990-91 சீசனில் 1,275 நிமிடம் கோல் விடாமல் நின்று ஸ்பெயின் லீகில் சாதனை படைத்தவர். இளம் கீப்பர் ஒருவனைக் களத்தில் விட்டுப் பார்க்க அப்படிப்பட்டவர் தயங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்த மாதமே அவர் வேலை போனது. புதிதாக வந்த கிகே சான்செஸ் ஃப்ளோரெஸின் கீழ், 2010 தொடக்கத்தில்தான் டி ஹெயாவுக்கு இடம் உறுதியானது. அந்த மே மாதம் ஹாம்பர்க்கில் ஃபுல்ஹாமை வென்று யூரோப்பா லீக் கோப்பை. ஆகஸ்ட்டில் இன்டர் மிலானுக்கு எதிரான சூப்பர் கோப்பையில் கடைசி நிமிடங்களில் டியேகோ மிலித்தோவின் பெனால்டியைத் தடுத்தார்.

வயதை வைத்து ஒப்பிட்டால் உங்கள் மகனுக்குக் கசப்புதான் மிஞ்சும். அவனுடைய இப்போதைய வயதில் டி ஹெயா ஸ்பெயினின் 17 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆடி ஐரோப்பியக் கோப்பை வென்றிருந்தார் (2007 மே). அவ்வளவு செய்தும் முதல் அணியில் கால் வைக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில், 2008-09 சீசனில் மூன்றாம் நிலை லீகில் அட்லெடிகோவின் 'பி' அணிக்கு ஆடினார். அந்த ஆட்டங்களைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை.

மற்றவர்களையும் பாருங்கள். இகேர் கசியாஸ் 16 வயதில் ரியல் மாட்ரிட்டின் சாம்பியன்ஸ் லீக் அணிக்கு அழைக்கப்பட்டார், 18-இல் முதல் ஆட்டம், 19 ஆகி நான்காம் நாள் சாம்பியன்ஸ் லீக் இறுதி. அப்படிப்பட்டவர் 2001-02 சீசனில் செசார் சான்செஸிடம் இடத்தை இழந்தார். அந்த ஆண்டின் கிளாஸ்கோ இறுதி ஆட்டத்தில் செசார் காயம்பட்டதால்தான் இரண்டாம் பாதியில் இறங்கினார். அத்லெடிக் பில்பாவின் உனாய் சிமோன் 2018 கோடையில் எல்ச்சே அணிக்கு லோனில், அதாவது தற்காலிகமாக, அனுப்பப்பட்டவர். பில்பாவின் முதல் கீப்பர் கெப்பாவைச் செல்சி வாங்கிக்கொண்டது, இன்னொரு கீப்பரான எர்ரெரின் காயமடைந்தார், சில வாரங்களிலேயே சிமோனைத் திரும்ப அழைத்தார்கள். 21 வயதில் முதல் அணியில் முதல் ஆட்டம். டேவிட் ராயாவோ 26 வயதில்தான் ஸ்பெயின் சட்டையைப் போட்டார், ஆர்சனலுக்குப் போகும்போது 28-ஐ நெருங்கிவிட்டார்.

இந்தக் கதைகளில் பலவற்றிலும் கீப்பர் இடத்தைக் காலி செய்தது அடுத்தவரின் காயமோ விற்பனையோதான். ஸ்டிரைக்கர் என்றால் கடைசி இருபது நிமிடம் இறக்கிப் பார்ப்பார்கள், கீப்பருக்கு அது கிடையாது. எனவே எந்த வயதில் அறிமுகம் என்ற கேள்வியை விட்டுவிடலாம். இடம் காலியாகும் நாளில் கைவசம் எத்தனை முழு ஆட்டம் இருக்கிறது, எந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது என்பவைதான் அவன் கையில் உள்ளவை.

இனி ஒல்லி உடம்பு. இதில் உங்கள் மகன் தன் கட்சிக்கு எடுத்த சாட்சியே அவனுக்கு எதிராகப் பேசுகிறது. 2011 ஜூனில் டி ஹெயா மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். விலை 1.89 கோடி பவுண்டு என்று செய்தி வந்தது. வயது 20, உயரம் 192 செ.மீ., ஆள் குச்சி. ஆகஸ்ட் 7 அன்று மான்செஸ்டர் சிட்டியுடன் நடந்த, சீசனைத் தொடங்கிவைக்கும் கம்யூனிட்டி ஷீல்டில் இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினார். முதலாவது ஃப்ரீ கிக்கிலிருந்து லெஸ்காட் தலையால் முட்டியது, இரண்டாவது ஜெக்கோ தொலைவிலிருந்து அடித்தது. அடுத்த வாரம் வெஸ்ட் பிராமின் ஷேன் லாங் அடித்த சாதாரணப் பந்து அவர் உடம்புக்கு அடியில் நுழைந்தது. நடுவே, ஆர்சனலை 8-2 என நொறுக்கிய ஆட்டத்தில் 1-0 இருக்கும்போது வான் பெர்சியின் பெனால்டியைத் தடுத்தார். அதாவது ஷாட் தடுக்கும் திறமை முதல் மாதமே தெரிந்தது. போதாமல் இருந்தது வேறு.

ஸ்பெயினில் சின்ன பாக்ஸுக்குள் கீப்பரை லேசாக இடித்தாலே விசில் எளிதாக வரும். இங்கிலாந்தில் கார்னர் வரும்போது இரண்டு பேர் மேலே சாய்ந்து நிற்பார்கள், நடுவர் பார்த்துக்கொண்டிருப்பார். கோல் லைனிலேயே நின்று எதிர்வினையால் தப்பிக்கப் பழகிய கீப்பர் அங்கே இரண்டு விதமாக அடிபடுவான். வெளியே வந்தால் இடி, வராவிட்டால் ஆறு அடியிலிருந்து முட்டிய பந்து. 2011 டிசம்பர் 31 அன்று ஓல்டு டிராஃபர்டில் பிளாக்பர்ன் 3-2 என வென்றபோது கடைசி கோல் இப்படித்தான் வந்தது. கார்னர், டி ஹெயாவின் கைக்கு அகப்படாத பந்து, ஹான்லியின் தலை. அதன் பிறகு லீக் ஆட்டங்களில் யுனைடெட்டின் இன்னொரு கீப்பர் லிண்டகார்ட் நின்றார். பிறகு லிண்டகார்டுக்குக் கணுக்கால் காயம், பிப்ரவரியில் டி ஹெயா திரும்பினார். 3-3 என முடிந்த செல்சி ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் மாட்டாவின் ஃப்ரீ கிக்கை மேல் மூலையிலிருந்து தட்டிவிட்ட படம் இன்றும் சுற்றுகிறது. பார்க்க வேண்டியது அந்தப் படத்தை அல்ல, அந்தக் குளிர்காலம் முழுவதும் நடந்த வேலையை. கீப்பிங் கோச் எரிக் ஸ்டீல் அவரை எடைப் பயிற்சிக்கு இழுத்ததையும் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றப் பாடுபட்டதையும் பின்னாளில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அப்போதும் நேர்க்கோடாக ஏறவில்லை. 2013 ஜனவரியில் டாட்டன்ஹாமின் பனி பெய்த மைதானத்தில், கடைசி நிமிடத்தில் ஒரு கிராஸை அரைகுறையாகக் குத்தினார், பந்து தூரம் போகவில்லை, டெம்ப்ஸி சமன் செய்தார். அந்த சீசன் முடிவில் யுனைடெட் சாம்பியன், ஆண்டின் சிறந்த பதினொருவரில் டி ஹெயா. முழுநேரக் கோச் பக்கத்தில் இருந்தும் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிடித்தது. உங்கள் மகனுக்கும் இதே கணக்கை வையுங்கள்.

கிராஸ் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். தடுமாற்றத்தில் பாதிக்கு மேல் நிற்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பந்து ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில், பெனால்டி பாக்ஸின் விளிம்புக்கு நேராக இருந்தால், அவன் கோலின் நடுவில், அல்லது தூரக் கம்பத்தின் பக்கம் அரை அடி தள்ளி, லைனிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் முன்னே நிற்க வேண்டும். பந்து கோல் கோட்டை நெருங்க நெருங்க, அவனும் லைனுக்கு 1 மீட்டர் வரை பின்வாங்கி அருகுக் கம்பத்தின் பக்கம் நகரலாம். உடம்பு பந்தை நேராகப் பார்க்கக் கூடாது. அரைவாசி திரும்பி, பந்தும் தூரக் கம்பத்துக்கு ஓடிவருபவனும் ஒரே பார்வையில் விழும்படி நிற்க வேண்டும். இளம் கீப்பர்கள் பயத்தில் அருகுக் கம்பத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். தலைக்கு மேல் பந்து போகும்போது பின்னோக்கி ஓட வேண்டிவருகிறது. பின்னோக்கி ஓடுபவனால் எகிற முடியாது.

அடுத்தது முடிவெடுக்கும் நேரம். பந்து காலைவிட்டுப் புறப்பட்டதும் ஓடத் தொடங்குவதுதான் பெரிய தவறு, வளைந்து வெளியேறும் பந்து அவனை நடுவழியில் நிறுத்திவிடும். பந்து தன் பாதையில் மூன்றில் ஒரு பங்கு வரும்வரை கால் அசையக் கூடாது. பிறகு ஒரே முடிவு, முழு வேகம். போவதானால் "கீப்பர்!" என்று கத்த வேண்டும், இல்லாவிட்டால் "அவே!" என்று டிஃபெண்டரிடம் விட வேண்டும். வாயைத் திறக்காத கீப்பரை அவனுடைய டிஃபெண்டரே இடித்துத் தள்ளுவான்.

எகிறுவது ஒற்றைக் காலில். எதிராளி இருக்கும் பக்கத்து முழங்கால் மேலே வர வேண்டும், அது உயரமும் தரும், இடுப்பையும் காக்கும். பந்தை நெற்றிக்கு முன்னால், கை ஏறக்குறைய முழுதாக நீண்டிருக்கும்போது பிடிக்க வேண்டும். உங்கள் மகனின் உயரத்துக்குக் கையைத் தூக்கி நின்றாலே ஏறக்குறைய 240 செ.மீ. எட்டும், குறுக்குக் கம்பமே 244-தான். அதே உயர ஸ்டிரைக்கரின் தலையைவிட அரை மீட்டர் சாதகம். முழங்கையை மடக்கிப் பந்து வரக் காத்திருந்தால் அந்தச் சாதகம் மொத்தமும் போய்விடும். ஒல்லியான பையன்கள் இடிக்குப் பயந்து செய்வது இதைத்தான்.

கூட்டத்துக்குள் பிடிக்க முடியாது என்று பட்டால் குத்த வேண்டும். முன்னோக்கிப் போகும்போது இரண்டு முஷ்டியும் சேர்த்து, மணிக்கட்டு விறைப்பாக, பந்தின் கீழ்ப்பாதியில் குத்தி, வந்த திசைக்கே உயரமாகத் திருப்ப வேண்டும். பந்து தலையைத் தாண்டுகிறது என்றால் ஒற்றை முஷ்டியால் அது போகும் திசைக்கே தள்ளிவிடலாம். நடுவில், பெனால்டி புள்ளிப் பக்கம் விழும் குத்துதான் கோலாகும்.

பயிற்சியை இப்படி ஏற்றுங்கள். முதல் இரண்டு வாரம் 10 மீட்டரிலிருந்து கையால் எறிந்த பந்து, எதிராளி இல்லாமல், பக்கத்துக்குப் பன்னிரண்டு. மூன்றாம், நான்காம் வாரம் காலால் அடித்த கிராஸ், எகிறும் கணத்தில் கோச் ஒரு பேடால் இடுப்பில் இடிக்க வேண்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து நிஜக் கார்னர், மூன்று தாக்குபவர்கள், இரண்டு டிஃபெண்டர்கள், பதினாறு பந்து. வாரம் இரண்டு நாள் போதும், ஆட்டத்துக்கு முந்திய நாள் வேண்டாம். ஒரு நாளில் முப்பது எகிறலுக்கு மேல் போனால் கால் தளர்ந்து தப்பான பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கணக்கு எழுதும்போது எத்தனை பிடித்தான் என்று மட்டும் எழுதாதீர்கள். போகாமல் நின்றது சரியான முடிவாக இருந்தால் அதுவும் வெற்றிதான்.

உடம்பு விஷயத்தில் பயிற்சியாளர் சொல்வது நியாயம், ஆனால் அவசரம் வேண்டாம். 186-க்கு 66 நோய் அல்ல, வளரும் பையனின் எடை. ஓர் ஆண்டில் 4 அல்லது 5 கிலோ ஏறினால் தாராளம். வாரம் இரண்டு முறை, 40 நிமிடம்: ஒற்றைக்கால் ஸ்குவாட், இடுப்பை மடக்கி எடை தூக்குவது, புல்-அப், புஷ்-அப், பிளாங்க். மூன்று செட், செட்டுக்கு 6 முதல் 8 முறை, இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்னும்போதே நிறுத்த வேண்டும். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 105 கிராம். மூன்று முட்டை, அரை லிட்டர் பால், 150 கிராம் கோழியோ மீனோ, ஒரு கிண்ணம் சுண்டல், வழக்கமான சாதம், பருப்பு, தயிர் என்று சாப்பிட்டாலே அது வந்துவிடும். புரத மாவு டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல கிளவுஸில் போடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு முண்டில் தொட்டால் வலி இருந்தால், அது வளரும் வயதில் எகிறல் அதிகமானால் வருவது. எகிறலைக் குறைத்து, மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

பெரிய கிளப்பா, சிறியதா? ஏழு ஆட்டம் போதவே போதாது. இந்த வயதில் ஒரு சீசனுக்கு 25 முழு ஆட்டமாவது வேண்டும் என்பது என் கணக்கு. ஏனென்றால் ஆட்டத்தின் 70-ஆம் நிமிடத்தில், ஒரு வேலையும் இல்லாமல் நின்றபின் திடீரென வரும் கிராஸைப் பயிற்சியில் உருவாக்க முடியாது. ராயா 16 வயதில் பார்சலோனா அருகே கொர்னெயா கிளப்பிலிருந்து பிளாக்பர்னுக்குப் போனார். பிறகு சவுத்போர்ட் என்ற ஐந்தாம் நிலை அணியில் லோனில் நின்று, பெரிய ஆட்களோடும் உயரப் பந்துகளோடும் மல்லுக்கட்டினார். கெப்பா பொன்ஃபெர்ராடினாவிலும் வயடொலிடிலும் இரண்டாம் டிவிஷன் ஆடிய பிறகே அத்லெடிக் பில்பாவின் முதல் அணிக்கு வந்தார், அங்கிருந்து 8 கோடி யூரோவுக்குப் போனார். ஒரே கிளப்பில் காத்திருந்து வென்றவரும் உண்டு. ஜோன் கார்சியா எஸ்பான்யோலில் 22 வயதுக்கு மேல், அதுவும் இரண்டாம் டிவிஷனில்தான் நிலையான கீப்பரானார். அடுத்த ஆண்டு முதல் டிவிஷனின் 38 ஆட்டமும் ஆடினார், 2025-இல் பார்சலோனா கூட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் 'பி' அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார் என்பதை மறக்காதீர்கள். பெஞ்சில் கழித்த காத்திருப்பும் இதுவும் ஒன்றல்ல.

ஆகவே இப்போதைய கிளப்பிடம் நேராகக் கேளுங்கள்: அடுத்த சீசனில் இவனுக்கு எத்தனை முழு ஆட்டம், எந்த அணியில்? இல்லையென்றால் ஆட்டம் கிடைக்கும் இடத்துக்கு லோனில் விடுவீர்களா? "பார்க்கலாம்" என்ற பதில் வந்தால் சிறிய கிளப்புக்குப் போகலாம். போகும் முன் அங்கே கீப்பிங் கோச் வாரம் எத்தனை நாள் வருகிறார் என்று விசாரியுங்கள். இரண்டு நாளாவது வராத இடத்தில் ஆட்டம் கிடைக்கும், கிராஸ் ஓட்டை அப்படியே இருக்கும்.

கடைசியாக, காலால் தடுப்பது. திட்டுகிற பயிற்சியாளர் முழுக்கச் சரியும் இல்லை, முழுக்கத் தவறும் இல்லை. 8 மீட்டருக்குள் இருந்து, முழங்காலுக்குக் கீழே, உடம்பை ஒட்டி வரும் பந்துக்குக் கால்தான் வேகமான ஆயுதம். கை தரைக்கு இறங்குவதற்குள் பந்து போய்விடும். டி ஹெயா பெயர் வாங்கியது அங்கேதான். ஆனால் காலில் பட்ட பந்து எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. 20 மீட்டரிலிருந்து வரும் தாழ்வான பந்துக்கும் காலை நீட்டினால் சோம்பல்தான். எல்லை வகுத்துப் பழக்குங்கள்: 6 மீட்டரிலிருந்து இடம், வலம் மாற்றி ஆறு பந்து கால், உடனே 18 மீட்டரிலிருந்து ஆறு பந்து கை, இப்படி மூன்று சுற்று. ஒவ்வொரு ஷாட்டின் கணத்திலும் இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பக்கத்திலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். பாதம் காற்றில் இருந்தால் காலும் பிந்தும், கையும் பிந்தும்.